டிசம்பர் 26: பெயர் சொல்லி மன்றாட வேண்டும்

வருகிற 26-ஆம் தேதி இத்தீவுகளின் ஆலயங்களில் மறுபடியும் நினைவு வழிபாடு நடக்கும். கார் நிக்கோபாரில் நடக்கும், கமோர்ட்டாவில் நடக்கும், காம்ப்பெல் பேயில் நடக்கும், ஹட்பேயில் நடக்கும், நாம் வாழும் இந்த நகரிலும் நடக்கும். கிறிஸ்துமஸ் நட்சத்திரங்கள் வாசலில் தொங்கிக்கொண்டிருக்கும்போதே மறுநாள் காலையில் துக்க ஆராதனைக்குக் கூடுவது, 2004-ஆம் ஆண்டுக்குப் பிறகு நமக்கு வழக்கமாகிவிட்டது. மெழுகுவர்த்தி ஏற்றுகிறோம். கடலில் மலர் விடுகிறோம். பெரிய அதிகாரி யாராவது வந்து, ஆழிப்பேரலையில் உயிர் நீத்த ஆயிரக்கணக்கானோருக்கு அஞ்சலி என்று இரண்டு நிமிடம் பேசிவிட்டுப் போகிறார்.

அந்த "ஆயிரக்கணக்கானோர்" என்ற சொல்லைப் பற்றித்தான் இந்த மாதம் எழுத விரும்புகிறோம். அதற்குள் நம்மவர்கள் பலர் பெயரில்லாமல் கிடக்கிறார்கள். இருபது ஆண்டு நிறைவு 2024-இல் வந்தது, போனது. பெரிய நிறைவுவிழா ஆண்டு கடந்துவிட்டால் பத்திரிகைக்காரர்கள் வரமாட்டார்கள், அமைச்சர்கள் வரமாட்டார்கள். இனி இந்த நாளை என்ன செய்வது என்பதை நாமே முடிவு செய்துகொள்ளலாம். ஆகவே இதைப் பேச இதுவே தக்க சமயம்.

அன்று நடந்ததை இளையவர்களுக்காக ஒருமுறை சொல்லிவிடுகிறோம். இன்று இருபது வயதைத் தாண்டாத பிள்ளைகளுக்கு அது பாட்டி சொல்லும் கதை. 2004 டிசம்பர் 26, ஞாயிற்றுக்கிழமை. நமது நேரப்படி காலை 6.29-க்குச் சுமத்ரா தீவுக்கு மேற்கே கடலடியில் நிலம் பிளந்தது. நிக்கோபார் தீவுகள் அந்தப் பிளவின் மேலேயே உட்கார்ந்திருந்தன என்று சொல்ல வேண்டும். அரை மணி நேரத்துக்குள் கடல் ஊருக்குள் வந்துவிட்டது. தெற்கு முனையான இந்திரா முனையில் நிலமே நாலு மீட்டருக்கு மேல் கீழே இறங்கிவிட்டது. கரைமேல் நின்ற கலங்கரை விளக்கம் தண்ணீருக்குள் நின்றது. கார் நிக்கோபார் விமானப்படைத் தளத்தில் வீரர்களும் அவர்களது குடும்பத்தாருமாக நூற்றுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். தீவு மூழ்குகிறது என்ற செய்தியை அந்தத் தளத்திலிருந்து தாம்பரத்துக்கு அனுப்பினார்கள். அப்போது நாகப்பட்டினத்துக்கும் கடலூருக்கும் குளச்சலுக்கும் அலை போய்ச் சேரவில்லை. ஒரு மணி நேரத்துக்கு மேல் அவகாசம் இருந்தது. அந்தச் செய்தி கரையில் வலை உலர்த்திக்கொண்டிருந்த ஒருவனுக்கும் போய்ச் சேரவில்லை. தலைநகரில் வானிலைத் துறை அனுப்பிய தொலைநகல் அப்போது பதவியில் இல்லாத ஒரு முன்னாள் அமைச்சரின் வீட்டுக்குப் போனதாக அந்நாளையப் பத்திரிகைகள் எழுதின. முதலில் மூழ்கியவர்களின் குரலைக் கேட்டிருந்தால் நாகை மாவட்டத்தில் மட்டும் ஆறாயிரம் பேர் செத்திருக்க மாட்டார்கள். ஐதராபாத்தில் எச்சரிக்கை மையம் அமைந்தது 2007 அக்டோபரில்.

ஆக, இத்தீவில் இருந்த தமிழனுக்கு அன்று இரண்டு பக்கமும் சாவு. இங்கே தம்பி, அங்கே தாய்.

அந்த ஞாயிறு கத்தோலிக்க ஆலயங்களில் திருக்குடும்பத் திருநாள். அவ்வருட வாசக முறைப்படி அன்றைக்கு வாசிக்க வேண்டிய நற்செய்தி, யோசேப்பு தன் மனைவியையும் கைக்குழந்தையையும் கூட்டிக்கொண்டு இரவோடிரவாக எகிப்துக்கு ஓடிப்போன பகுதி. எத்தனை கோவில்களில் அதை வாசித்து முடித்தார்களோ, எத்தனை இடங்களில் வாசிக்க ஆளே இல்லாமல் போயிற்றோ. பிழைப்புக்கும் உயிருக்கும் அஞ்சி ஊர் விட்டு ஊர் போன ஒரு தச்சனுடைய குடும்பம் அது. அதற்கு முன்னால் அந்தக் குடும்பம் பெத்லகேமுக்குப் போனது எதற்கு? குடிமதிப்பு எழுதப் போனது. ராயன் ஆணையிட்டான் என்று, நிறைமாதக் கர்ப்பிணியை அழைத்துக்கொண்டு பேர் பதிந்துகொள்ளப் போனான் யோசேப்பு. கிறிஸ்துமஸ் குடிலில் வைக்கோல் பரப்பி விளக்குப் போடும் நம் வீட்டுப் பெண்களுக்கு, இது பேர் பதியப் போன ஒரு கூலிக் குடும்பத்தின் கதை என்று எந்தப் பிரசங்கத்திலாவது சொல்லியிருக்கிறார்களா என்று தெரியவில்லை. சொன்னால் நன்றாயிருக்கும்.

இனி, மாண்டவர்கள் யார் என்று பார்ப்போம். முதல் இடம் நிக்கோபார் மக்களுக்கு. அவர்கள் மண், அவர்கள் கடல், அவர்கள் இழந்ததுதான் மிகப் பெரிது. இதில் நமக்குச் சந்தேகம் வேண்டாம். நம் சாவைப் பேசுவதற்காக அவர்கள் சாவைச் சிறிதாக்கும் பேச்சு நம் பத்திரிகையில் வராது. ஆனால் ஒன்றைக் கவனிக்க வேண்டும். நிக்கோபார் மக்கள் துஹெத் என்னும் கூட்டுக் குடும்பமாக வாழ்கிறவர்கள். ஒவ்வொரு ஊருக்கும் கேப்டன் என்று ஊர்த்தலைவர் உண்டு. எந்தத் துஹெத்தில் யார் இல்லை என்பது அவர்களுக்குத் தெரியும். அவர்களது ஆலயத்தில் அந்தப் பெயர்களைச் சொல்லி அழ ஆள் உண்டு. நிவாரணம் என்று கொண்டுபோய்க் கொட்டியபோது, எங்களுக்கு அரிசி மூட்டையைவிட வெட்டரிவாளும் கோடாலியும் கொடுங்கள், தோணி நாங்கள் செய்துகொள்கிறோம் என்று கேட்ட மக்கள் அவர்கள். தென்னை போனதற்கு இழப்பீடு என்று சிலருக்கு இரண்டு ரூபாய்க்குக் காசோலை கொடுத்து அரசாங்கம் தன்னைத் தானே கேலி செய்துகொண்டது தனிக் கதை.

விமானப்படைக்கு அதன் பட்டியல் உண்டு. அரசு ஊழியனுக்குப் பணிப் பதிவேடு உண்டு. அவன் வேலைக்கு வராவிட்டால் கேட்க அலுவலகம் ஒன்று உண்டு. காம்ப்பெல் பேயைச் சுற்றி 1969-லிருந்து குடியேற்றப்பட்ட முன்னாள் படைவீரர் குடும்பங்களுக்கு, அவர்களில் தமிழ்க் குடும்பங்களும் உண்டு, நிலப் பட்டா இருந்தது. பட்டாவில் பெயர் இருந்தது.

எதிலும் இல்லாதவன் யார்? காண்ட்ராக்டரிடம் கூலிக்கு வந்தவன். சாலை போட வந்தவன், ஜெட்டி கட்ட வந்தவன், கடையில் எடுபிடி வேலைக்கு வந்தவன், கொப்பரை மூட்டை தூக்கியவன், ஆறு மாதம் இருந்து காசு சேர்த்துக்கொண்டு தங்கை கல்யாணத்துக்கு ஊர் போகலாம் என்று வந்தவன். நிக்கோபார் தீவுகள் 1956-ஆம் ஆண்டு ஒழுங்குமுறைப்படி பழங்குடியினருக்கான பாதுகாக்கப்பட்ட பகுதி. வெளியார் உள்ளே போக அனுமதிச் சீட்டு வேண்டும். அந்தச் சட்டம் சரியான சட்டம், அதை நாம் எதிர்க்கவில்லை. ஆனால் சீட்டு எடுத்தவன் பெயராவது ஒரு காகிதத்தில் இருந்தது. மேஸ்திரி சொன்னார் என்று சீட்டு இல்லாமல் கப்பலேறினவன் பெயர் மேஸ்திரியின் சிட்டைப் புத்தகத்தில் மட்டுமே இருந்தது. அலை மேஸ்திரியையும் கொண்டுபோயிற்று, சிட்டையையும் கொண்டுபோயிற்று.

கச்சால் தீவைத் தனியே சொல்ல வேண்டும். 1964 அக்டோபரில் லால் பகதூர் சாஸ்திரியும் சிறிமாவோ பண்டாரநாயக்காவும் கையெழுத்திட்டார்கள். இலங்கையின் தேயிலைத் தோட்டங்களில் நூறு ஆண்டுக்கு மேல் உழைத்த நம் மக்களில் 5,25,000 பேரை இந்தியா ஏற்றுக்கொள்வது என்று பேசி முடித்தார்கள். அந்த மக்களை யாரும் கேட்கவில்லை. அப்படித் திருப்பியனுப்பப்பட்டவர்களில் சில குடும்பங்களை ரப்பர் தோட்ட வேலைக்கென்று கச்சாலில் கொண்டுவந்து இறக்கினார்கள். பாட்டன் இராமநாதபுரத்திலிருந்தோ திருச்சியிலிருந்தோ கண்டிக்குப் போனான். மகன் கண்டியில் பிறந்தான். பேரன் கச்சாலில் ரப்பர் பால் வெட்டினான். மூன்று தலைமுறை, மூன்று கரை. 2000 ஜனவரி முதல் நாள், புது ஆயிரமாண்டின் முதல் சூரிய ஒளி கச்சாலில்தான் விழுகிறது என்று உலகமெங்கும் விளம்பரம் செய்து வெளிநாட்டாரைக் கப்பலில் கூட்டிவந்து வேடிக்கை காட்டினார்கள். அன்று அந்தத் தீவின் பெயர் எல்லோர் வாயிலும் இருந்தது. ஐந்து வருடம் முடிவதற்குள் அதே தீவு அழிந்தது. நிக்கோபாரில் மிக மோசமாக அடிபட்ட இடங்களில் அது ஒன்று. சூரியனைப் பார்க்க வந்தவர்கள் யாரும் அப்போது வரவில்லை. அங்கே மாண்டவர்களில் ரப்பர் தோட்டத்துத் தமிழரும் இருந்தார்கள். அக்குடும்பங்களுக்குத் தமிழ்நாட்டில் தேடிக் கேட்கச் சொந்தம் அற்றுப்போயிருந்தது. இலங்கையில் இருந்த சொந்தத்துக்குச் செய்தி போக வழியில்லை.

இப்போது கணக்குக்கு வருவோம். நாடு முழுவதற்கும் இறந்தோர் 10,749, காணாமற்போனோர் 5,640 என்று மத்திய அரசு கணக்குக் கொடுத்தது. காணாமற்போனோரில் மிகப் பெரும்பாலோர் நமது தீவுகளைச் சேர்ந்தவர்கள். பிறகு தீவு நிர்வாகம் கணக்கைத் திருத்தியது. இறந்தவர், காணாமற்போனவர் இருவரையும் சேர்த்தே சுமார் 3,500 என்று முடித்தது. முகாம்களில் உயிரோடு கண்டுபிடிக்கப்பட்டவர்களால் எண்ணிக்கை குறைந்தது என்றால் அதைவிட மகிழ்ச்சி வேறில்லை. உயிர் பிழைத்தவன் கணக்கிலிருந்து கழிக்கப்பட வேண்டியவன்தான். ஆனால் கழிக்கும்போது ஒரு பக்கம் மட்டும்தானே கழிகிறது? இவனைக் காணோம் என்று எழுதிக் கொடுக்க யாரும் வராதவன், முதற் கணக்கிலும் ஏறியிருக்க மாட்டான், திருத்திய கணக்கிலும் ஏறியிருக்க மாட்டான். இந்தக் கேள்விக்கு இன்றுவரை எந்த அதிகாரியும் பதில் சொல்லவில்லை. பட்டியலைப் பெயர், ஊர், தகப்பன் பெயருடன் தமிழில் அச்சிட்டு ஒவ்வொரு பஞ்சாயத்திலும் ஒட்டியிருந்தால் கேள்விக்கே இடமிருக்காது.

சட்டத்தைப் பார்த்தால், ஒருவன் உயிரோடு இருக்கிறான் என்று செய்தி வராமல் ஏழு ஆண்டு போனால்தான் இறந்ததாகக் கொள்ளலாம் என்பது 1872-ஆம் ஆண்டு சாட்சியச் சட்டத்தின் 108-ஆவது பிரிவு. 2024-இல் அந்தச் சட்டத்துக்கு வேறு பெயர் வைத்தார்கள். ஏழு ஆண்டு அப்படியே இருக்கிறது. சுனாமியில் காணாமற்போனவர்களுக்கு இந்தக் காத்திருப்பைத் தளர்த்தி, விசாரணை நடத்தி இறப்புச் சான்று கொடுக்கத் தனி ஏற்பாடு செய்தார்கள். நல்ல காரியம், பாராட்டுகிறோம். ஆனால் அதற்கும் முதலில் உறவினர் ஒருவர் மனுக் கொடுத்தாக வேண்டும். முதுகுளத்தூர்ப் பக்கம் ஒரு குடிசையில் இருக்கும் தாய்க்கு, மகன் "அந்தமானுக்கு" வேலைக்குப் போனான் என்று மட்டுந்தான் தெரியும். அவன் கச்சாலில் இருந்தானா, கார் நிக்கோபாரில் இருந்தானா, ஹட்பேயில் இருந்தானா என்று அவளுக்கு எப்படித் தெரியும்? இங்கு வந்து விசாரிக்கச் சென்னையிலிருந்து மூன்று நாள் கப்பல். வந்தாலும் எந்த அலுவலகத்தில் எந்த மொழியில் கேட்பாள்? இறப்புச் சான்று இல்லாமல் நிவாரணம் இல்லை. விதவை என்றோ விதவை இல்லை என்றோ சொல்ல முடியாமல் எத்தனை பெண்கள் எத்தனை வருடம் இருந்திருப்பார்கள் என்பதை நம் தாய்மார்களுக்கு நாம் விளக்கத் தேவையில்லை.

இதையெல்லாம் கோவிலில் ஏன் கொண்டுபோய்ச் சேர்க்கிறீர்கள், இது அரசாங்கத்திடம் கேட்க வேண்டியது அல்லவா என்று சங்கத் தோழர்கள் சிலர் கேட்கிறார்கள். நமது சங்கம் மதத்துக்கு அப்பாற்பட்டது, சாமியார்கள் விவகாரத்தில் தலையிடலாமா என்றும் கேட்கிறார்கள். நியாயமான கேள்வி. சங்கத்தில் சாமி கும்பிடாதவர்களும் இருக்கிறார்கள், வெற்றிமலை முருகனுக்குக் காவடி எடுப்பவர்களும் இருக்கிறார்கள், தொழுகைக்குப் போகிறவர்களும் இருக்கிறார்கள். ஆகவே நம் நிலையை விளக்கமாகச் சொல்கிறோம்.

அரசாங்கத்திடம் கேட்பதை நாம் விடவில்லை, விடவும் மாட்டோம். ஆனால் இந்தத் தீவுகளில் டிசம்பர் 26-ஐ மறக்காமல் ஆண்டுதோறும் கூடுகிற சபை ஒன்று இருக்கிறதென்றால் அது ஆலயம்தான். மற்ற கூட்டமெல்லாம் தேர்தல் வந்தால் கூடும், போனால் கலையும். மேலும், ஆலயம் என்பது பதிவேடு வைத்திருக்கிற இடம். ஞானஸ்நானப் பதிவேடு, மணப் பதிவேடு, அடக்கப் பதிவேடு என்று மூன்று புத்தகம் எந்தப் பங்கிலும் இருக்கும். கரையான் அரித்தாலும் எடுத்துக் காட்டுவார்கள். நம் பாட்டன்மாரின் வயதைப் பள்ளிக்கூடத்தில் ஏற்றுக்கொண்டது அந்தப் புத்தகத்தைப் பார்த்துத்தான். அடக்கப் பதிவேட்டில் மட்டும் ஒரு சங்கடம். அடக்கம் செய்யச் சடலம் வேண்டும். கடல் சடலத்தைத் தராவிட்டால் அந்தப் புத்தகத்திலும் பெயர் ஏறாது. கார் நிக்கோபாரில் கூட்டமாகப் புதைத்தார்கள், எரித்தார்கள். அந்த நாட்களில் யாரும் பெயர் கேட்டுக்கொண்டு நிற்க முடியாது. அவசரத்தில் அதைச் செய்தவர்களை நாம் குறை சொல்லவில்லை. அவர்கள் செய்யாவிட்டால் உயிரோடிருந்தவர்களும் நோயில் போயிருப்பார்கள். ஆனால் அவசரம் தீர்ந்து இருபது வருடத்துக்கு மேலாகிறது.

இன்னொரு காரணமும் உண்டு. நம் இளைஞர்கள் பலருக்கு இது தெரியாது. நிக்கோபார் திருச்சபைக்கும் தமிழனுக்கும் உள்ள உறவு நேற்று வந்ததன்று. 19-ஆம் நூற்றாண்டின் கடைசியில் வேதப்பன் சாலமோன் என்ற தமிழ் உபதேசியார் கார் நிக்கோபாரின் மூஸ் கிராமத்துக்கு வந்தார். பிள்ளைகளைக் கூட்டி வைத்து எழுத்துச் சொல்லிக்கொடுத்தார். அவரிடம் படித்த நிக்கோபார்ச் சிறுவர்களில் ஒருவர் பர்மாவில் மாந்தலே சென்று மேற்படிப்புப் படித்துத் திரும்பினார். அவர்தான் ஜான் ரிச்சர்ட்சன். தம் மக்களின் மொழியில் புதிய ஏற்பாட்டைக் கொண்டுவந்தவர் அவர். 1942 முதல் 1945 வரை ஜப்பானியர் இத்தீவுகளைப் பிடித்து வைத்திருந்தபோது, ஒற்றர்கள் என்று குற்றஞ்சாட்டிக் கார் நிக்கோபார் மக்கள் பலரைக் கொன்றார்கள். ரிச்சர்ட்சனும் சிறைப்பட்டார். உயிர் பிழைத்து வந்து 1950-இல் பேராயரானார், 1952-இல் முதல் மக்களவைக்கு நியமிக்கப்பட்டார். ஒரு கூலிக்காரத் தமிழனின் பெயரை அந்த ஆலயத்தில் சொல்லுங்கள் என்று கேட்க நமக்கு உரிமை உண்டா என்றால், பழைய வாத்தியார் வீட்டு ஆட்கள் என்ற உரிமையாவது உண்டு. போர்ட் பிளேர் கத்தோலிக்கச் சபையை எடுத்துக்கொண்டால் அதுவே கூலிகளால் எழுந்தது. காட்டு வேலைக்கென்று 1918-லிருந்து சோட்டா நாகபுரிப் பக்கமிருந்து கொண்டுவரப்பட்ட ராஞ்சித் தொழிலாளர்களும், நம்மவர்களும், மலையாளிகளும் சேர்ந்து நிறைத்த கோவில்கள் அவை. தொழிலாளியின் சாவைப் பேச அங்கே இடமில்லை என்று யாரும் சொல்ல முடியாது.

சொல்லவும் மாட்டார்கள் என்று நம்புகிறோம். எதிர்ப்பு வருமானால் வேறு விதமாக வரும். இறந்தவர்களில் ஞானஸ்நானம் பெற்றவர்கள் யார், பெறாதவர்கள் யார்? முனியாண்டியின் பெயரையும் காதர் மொய்தீனின் பெயரையும் பீடத்திலிருந்து வாசிக்கலாமா? இப்படிச் சபையில் பெரியவர்கள் யாராவது கேட்கக்கூடும். அவர்களுக்குப் பணிவுடன் ஒன்று சொல்வோம். பூசையில் இறந்த விசுவாசிகளுக்காக மட்டுமன்றி, இறந்தோர் எல்லாருக்காகவும் மன்றாடுகிற வழக்கம் திருச்சபையில் இருக்கிறது. நவம்பர் 2-ஆம் தேதி கல்லறைத் திருநாளில் பெயர் தெரியாத கல்லறைக்கும் தண்ணீர் தெளித்து மெழுகுவர்த்தி வைக்கிற பழக்கம் நம் வீட்டில் எல்லோருக்கும் உண்டு. டிசம்பர் 28-இல் மாசில்லாக் குழந்தைகள் திருநாள் கொண்டாடுகிறோம். ஏரோது வெட்டிய அந்தக் குழந்தைகளில் ஒன்றுக்கும் ஞானஸ்நானம் ஆகவில்லை, ஒன்றின் பெயரும் நமக்குத் தெரியாது. அவர்களுக்குப் பீடத்தில் இடம் இருக்கிறது, முனியாண்டிக்கு இல்லையா? வழிபாட்டு ஒழுங்கில் இடையூறு என்றால் பூசை முடிந்தபின் முற்றத்தில் வைத்து வாசிக்கட்டும். நமக்கு ஆட்சேபணை இல்லை. அலை வந்தபோது ஓடிவந்த மக்களை இங்குள்ள பள்ளிக்கூடங்களிலும் கோவில் மண்டபங்களிலும் படுக்க வைத்தவர்கள் யாரிடமும் சாதி மதம் கேட்கவில்லை. உயிரோடிருந்தவனுக்குப் பாய் விரித்த முற்றத்தில் செத்தவனின் பெயரைச் சொல்வதால் தீட்டு ஒன்றும் வந்துவிடாது.

நம் பக்கத்துத் தோழர்களுக்கும் ஒரு வார்த்தை. கோவிலுக்கு வரமாட்டேன் என்கிற தோழர் வரவேண்டாம். அவருக்குத் தெரிந்த பெயரை மட்டும் கொடுக்கட்டும்.

நடந்து முடிந்த சாவுக்கு இத்தனை பக்கம் எழுத வேண்டுமா என்று கேட்பவர்கள் தெற்கே கொஞ்சம் பார்க்க வேண்டும். கிரேட் நிக்கோபாரில் கலாத்தியா விரிகுடாவில் பெரிய துறைமுகம், விமான நிலையம், மின் நிலையம், புது நகரம் என்று திட்டம் போட்டிருக்கிறார்கள். 2022 நவம்பரில் சுற்றுச்சூழல் அனுமதியும் கொடுத்துவிட்டார்கள். 2011 குடிமதிப்பில் ஏறத்தாழ 8,000 பேர் இருந்த தீவில், முப்பது ஆண்டுக்குள் மூன்றரை லட்சம் பேர் வரை குடியேறுவார்கள் என்று திட்ட அறிக்கையே சொல்கிறது. 2004-இல் ஊரை இழந்து காம்ப்பெல் பே பக்கம் ராஜீவ் நகரிலும் நியூ சிங்கேனிலும் தகரக் கொட்டகைகளிலிருந்து தொடங்கிய நிக்கோபார் குடும்பங்கள், எங்கள் பழைய ஊருக்குப் போகிறோம், விடுங்கள் என்று கேட்டுக்கொண்டேயிருக்கிறார்கள். அவர்கள் கோரிக்கை நியாயமானது என்பதே நம் சங்கத்தின் கருத்து. அவர்கள் நிலத்தின் மேல் நமக்குக் கூலி கிடைக்கும் என்பதற்காக அந்தக் கருத்தை நாம் மாற்றிக்கொள்ளப் போவதில்லை.

ஆனால் திட்டம் நடந்தால் மண் சுமக்கவும் கான்கிரீட் கலக்கவும் வரப்போவது யார்? ஜார்க்கண்டிலிருந்தும் வங்காளத்திலிருந்தும் ஆந்திராவிலிருந்தும் நம் தெற்கு மாவட்டங்களிலிருந்தும் வரும் காண்ட்ராக்ட் கூலிகள். அதே பிளவின் மேல், அதே கடற்கரையில் அவர்கள் கொட்டகை போட்டுப் படுப்பார்கள். அவர்கள் பெயர் எங்கே எழுதப்படும்? 1979-ஆம் ஆண்டில் மாநிலங்களுக்கிடையே புலம்பெயரும் தொழிலாளருக்கென்று ஒரு சட்டம் வந்தது. தொழிலாளிக்குப் புகைப்படம் ஒட்டிய கைப்புத்தகம் கொடுக்க வேண்டும் என்றது. அவன் விபத்தில் இறந்தால் காண்ட்ராக்டர் இரண்டு மாநில அதிகாரிகளுக்கும் நெருங்கிய உறவினருக்கும் தகவல் சொல்ல வேண்டும் என்றது. இந்த ஒரு விதியை ஒழுங்காக நடத்தியிருந்தால் 2004-இல் செத்த நம் ஆட்கள் அத்தனை பேருக்கும் ஊரில் தகவல் போயிருக்கும். நாம் அறிந்தவர்களில் அந்தக் கைப்புத்தகத்தைக் கண்ணால் பார்த்த கூலி ஒருவர்கூட இல்லை. ஐந்து தொழிலாளி இருந்தாலே அந்தச் சட்டம் செல்லும் என்றிருந்ததை, 2020-இல் கொண்டுவந்த சட்டத் தொகுப்பில் பத்தாக உயர்த்தினார்கள். அதே 2020-இல், ஊரடங்கின்போது நடந்தே ஊர் போன தொழிலாளர்களில் எத்தனை பேர் செத்தார்கள் என்று நாடாளுமன்றத்தில் கேட்டபோது, அத்தகைய கணக்கு வைக்கப்படவில்லை என்று செப்டம்பர் மாதத்தில் எழுத்து மூலம் பதில் வந்தது. ஆழிப்பேரலை திடீரென்று வந்தது, ஏற்பாடு செய்ய நேரமில்லை என்று 2004-க்குச் சமாதானம் சொல்லலாம். ஊரடங்கு கடலிலிருந்து வரவில்லை.

நாம் வாழும் நகருக்கு 2024-இல் ஸ்ரீ விஜயபுரம் என்று புதுப் பெயர் வைத்தார்கள். பெயர்ப்பலகை எல்லாம் மாற்றினார்கள். ஊருக்குப் பெயர் வைப்பதில் காட்டிய சுறுசுறுப்பில் பத்தில் ஒரு பங்கை, ஊருக்கு ரோடு போட வந்து செத்தவனின் பெயரைத் தேடுவதில் காட்டச் சொல்லித் தீவு நிர்வாகத்தைக் கேட்கிறோம். 2004 ஆழிப்பேரலையில் இறந்தோர், காணாமற்போனோர் பட்டியலைப் பெயர், தந்தை பெயர், சொந்த மாநிலம், இருந்த தீவு ஆகியவற்றுடன் முழுமையாக வெளியிட வேண்டும். விடுபட்டவர்களுக்காக இப்போதும் மனு வாங்க வேண்டும், அதைத் தமிழ்நாட்டு மாவட்ட ஆட்சியர் அலுவலகங்களிலும் வாங்க வேண்டும். கிரேட் நிக்கோபார் வேலைக்கு ஒரு கூலியை இறக்குமுன் அவன் பெயரும் ஊரும் காண்ட்ராக்டரிடம் மட்டுமன்றி அரசிடமும் தொழிற்சங்கத்திடமும் இருக்க வேண்டும். இக்கோரிக்கைகளை நமது சங்கச் செயற்குழு மனுவாகக் கொடுக்கும்.

அந்த மனு மேசையிலிருந்து மேசைக்கு நகரும் வரை 26-ஆம் தேதி காத்திருக்காது. ஆகவே சங்கம் பெயர் சேகரிக்கிறது. டிசம்பர் 20-ஆம் தேதிக்குள் சங்க அலுவலகத்திலோ, உங்கள் பகுதிப் பொறுப்பாளரிடமோ எழுதிக் கொடுங்கள். நிக்கோபாரிலோ லிட்டில் அந்தமானிலோ அன்று இறந்த, அல்லது அன்றிலிருந்து செய்தி இல்லாத தமிழர் எவராயினும் சரி. உங்கள் உறவாக இருக்க வேண்டியதில்லை. ஒரே கப்பலில் வந்தவர், ஒரே கொட்டகையில் சோறு பொங்கியவர், உங்களிடம் ஐம்பது ரூபாய் கடன் வாங்கியவர், எல்லாரையும் எழுதுங்கள். முழுப் பெயர் தெரியாவிட்டால் கூப்பிட்ட பெயரை எழுதுங்கள். தகப்பன் பெயர், சொந்த ஊர், இருந்த தீவு, யாரிடம் வேலை, வயது எத்தனை இருக்கும், இவற்றில் தெரிந்ததை மட்டும் சொன்னால் போதும். எழுதத் தெரியாதவர்கள் வாயால் சொல்லுங்கள், பிள்ளைகள் எழுதிக்கொள்வார்கள். கச்சால் ரப்பர் தோட்டத்தில் இருந்து பிழைத்து வந்த குடும்பங்கள் இந்நகரில் எங்கிருந்தாலும் அவசியம் சங்கத்துக்கு வரவேண்டுகிறோம். உங்கள் லயத்தில் யார் யார் இருந்தார்கள் என்று வரிசையாகச் சொல்ல உங்களைத் தவிர வேறு ஆள் இல்லை.

சேர்ந்த பட்டியலை இரண்டு பிரதி எடுத்து, ஒன்றைப் பங்குச் சாமியார்களிடமும் போதகர்களிடமும் கொடுத்து அன்றைய வழிபாட்டில் வாசிக்கக் கேட்போம். மற்றொன்று ஜனவரி இதழில் ஒரு பெயரும் விடாமல் அச்சாகும். தமிழ்நாட்டில் உங்கள் ஊருக்கு இந்த இதழ் போகும்படி செய்யுங்கள். டீக்கடைப் பலகையில் கிடந்தாலும் யாராவது ஒருவர் கண்ணில் படும். பட்டியலில் உள்ள ஒருவர் உயிரோடிருக்கிறார் என்று தெரிந்தால் உடனே எழுதுங்கள், அடித்துவிடுகிறோம்.